தராசு காட்டாத நிக்கல்

பழைய எவர்சில்வர் பாத்திரங்களோ பட்டறையில் மிஞ்சிய தகட்டுத் துண்டுகளோ காயலான் கடையில் விற்கப்படும்போது, விற்பவரின் கண் பெரும்பாலும் தராசின் மேலேயே இருக்கிறது. எடையில் ஏமாந்துவிடக் கூடாது என்னும் அந்தக் கவனம் நியாயமானதே; ஆயினும் இந்த உலோகத்தைப் பொறுத்தவரை பெரிய இழப்பு எடையில் நேர்வதில்லை, ரகத்தில் நேர்கிறது. கணக்குக்காக, உயர்ந்த ரகம் கிலோ 120 ரூபாய்க்கும் தாழ்ந்த ரகம் 48 ரூபாய்க்கும் எடுக்கப்படுவதாக வைத்துக்கொண்டால், 50 கிலோ உயர்ந்த ரகத்தை விற்கும் ஒருவர் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு இழந்தால் அவருக்கு 300 ரூபாய் நட்டம். அதே சரக்கு தாழ்ந்த ரகமென்று எண்ணப்பட்டுவிட்டால் நட்டம் 3,600 ரூபாய். தங்கத்தை உரைகல்லில் உரைத்துப் பார்க்காமல் விற்கத் துணியாத குடும்பங்கள்கூட, எவர்சில்வரை மட்டும் 'பழைய சாமான்' என்னும் ஒரே பெயரில் சாக்கில் கட்டி அனுப்பிவிடுகின்றன.

எவர்சில்வர் என்று வீடுகளிலும், எஸ்.எஸ். என்று பட்டறைகளிலும், துருவேறா எஃகு என்று நூல்களிலும் சொல்லப்படுவது ஒற்றை உலோகம் அன்று, குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியமும், 1.2 விழுக்காட்டுக்கு மேற்படாத கரியும் உள்ள இரும்புக் கலவைகள் பலவற்றுக்கும் அது பொதுப்பெயர். குரோமியம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து சில நானோமீட்டர் தடிப்பே உள்ள ஆக்சைடுப் படலத்தை மேற்பரப்பில் விரிக்கிறது. கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் படலம் தானாகவே மீண்டும் உருவாகிவிடுவதால் உள்ளேயிருக்கும் இரும்பு துருப்பிடிப்பதில்லை. 1912இல் ஜெர்மனியின் கிருப் ஆலையில் எடுவார்ட் மௌரரும் பென்னோ ஷ்டிராவுசும் உருவாக்கிய கலவையில் குரோமியத்தோடு நிக்கலும் இருந்தது. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி வார்த்த எஃகில் குரோமியம் மட்டுமே முதன்மையாக இருந்தது. ஓராண்டு இடைவெளியில் பிறந்த இவ்விரு வழிகளுமே இன்று பழைய இரும்புக் கடையின் இரண்டு தனிக் குவியல்களாக நிற்கின்றன. விலையில் அவற்றிடையே உள்ள தூரம் நிக்கலால் வந்தது.

வணிகத்தில் இந்த ரகங்கள் எண்களால் அறியப்படுகின்றன. 304 என்பது ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்டது. பாத்திரங்களின் அடியில் காணப்படும் 18/8 என்னும் முத்திரை குறிப்பதும் இந்த விகிதத்தைத்தான். 316 என்பதில் நிக்கல் 10 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதோடு, உப்பின் அரிப்பைத் தாங்குவதற்காக 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினமும் சேர்க்கப்படுகிறது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் சாய எந்திரக் கலன்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. 430 என்பதில் 16 முதல் 18 விழுக்காடு குரோமியம் உண்டு, நிக்கல் அநேகமாக இல்லை. 201, 202 முதலிய இருநூறு வரிசை ரகங்களில் நிக்கலின் ஒரு பகுதியை மாங்கனீசும் நைட்ரஜனும் ஈடுசெய்கின்றன; இந்தியப் பாத்திரச் சந்தையில் பரவலாகப் புழங்கும் ஜே4 என்னும் ரகத்தில் நிக்கல் ஒரு விழுக்காட்டு அளவுக்கு இறங்கிவிடுகிறது.

இந்த விழுக்காடுகள் ரூபாயாக மாறும் விதத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். நிக்கல் கிலோ 1,300 ரூபாய், குரோமியம் 170 ரூபாய், இரும்பு 30 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால், ஒரு கிலோ 304இல் உள்ள 80 கிராம் நிக்கலின் மதிப்பு 104 ரூபாய், 180 கிராம் குரோமியத்தின் மதிப்பு 31 ரூபாய், இரும்பின் மதிப்பு 22 ரூபாய். எடையில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லாத நிக்கல், மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கைத் தாங்கி நிற்கிறது. இதே விலைகளில் ஒரு கிலோ ஜே4இன் நிக்கல் வெறும் 13 ரூபாய். மொத்த மதிப்பும் 304இன் பாதிக்கும் கீழே நின்றுவிடுகிறது. உருக்காலைகள் இந்த உள்மதிப்பு முழுவதையும் தருவதில்லை. உருக்குச் செலவு, உருகும்போது கசடாகப் போகும் குரோமியம், போக்குவரத்து, இடைவணிகர்களின் இலாபம் ஆகியவை போக எஞ்சுவதே கடைவிலை. எனினும் இரு ரகங்களுக்கும் இடையிலுள்ள விகிதம் கடைவிலையிலும் பெரும்பாலும் அப்படியே தொடர்கிறது.

நிக்கலின் விலை இலண்டன் உலோகச் சந்தையில் ஒரு டன்னுக்கு இத்தனை டாலர் என்று நாள்தோறும் குறிக்கப்படுவதால், டாலரின் ரூபாய் மதிப்பும் காயலான் கடை வரை வந்து சேர்கிறது. மேற்சொன்ன கணக்கில் நிக்கல் பத்து விழுக்காடு ஏறினால் 304இன் உள்மதிப்பு கிலோவுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் உயரும். ஜே4க்கு ஒரு ரூபாய் அளவே உயரும். 2022 மார்ச் 8ஆம் நாள் அந்தச் சந்தையில் நிக்கல் டன்னுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டியதும், வணிகம் நிறுத்தப்பட்டு அன்றைய பரிமாற்றங்கள் இரத்து செய்யப்பட்டன. இத்தகைய திடீர் உச்சங்கள் உள்ளூர்க் கடைவிலையில் பிரதிபலிப்பதில்லை. பல வாரங்கள் நிலைக்கும் ஏற்றமோ இறக்கமோதான் கடைக்காரரின் விலையைப் பேசக்கூடியதாக்குகிறது. ஆகவே 304ஐ விற்பவருக்குக் கடந்த ஒரு மாதத்தின் நிக்கல் போக்கு பயன்படும் செய்தி. ஜே4ஐ விற்பவர் அதற்காகக் காத்திருப்பதில் பொருளில்லை.

இருநூறு வரிசை போலிச் சரக்கு அன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1950களில் அமெரிக்காவில் நிக்கல் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, அரிதான உலோகத்தைச் சேமிக்கும் பொருட்டு இந்த ரகங்கள் வணிக அளவில் வளர்ந்தன. விலை குறைந்த சமையல் பாத்திரம் இந்தியாவில் எளிய வீடுகளையும் எட்டியதில் அவற்றின் பங்கு பெரிது. சிக்கல் அவற்றின் தோற்றத்தில் இருக்கிறது. மெருகேற்றிய பின் 304க்கும் ஜே4க்கும் கண்ணால் வேறுபாடு காண இயலாது. ஒலியாலோ கனத்தாலோ அறிவதாகச் சொல்வதும் நம்பத்தக்கதன்று. பாத்திரத்தின் அடியிலுள்ள முத்திரை ஒரு தடயமே தவிர, தனித்து நிற்கும் சான்றன்று.

கடைகளில் முதலாவதாகவும் பல நேரங்களில் முடிவாகவும் பயன்படும் கருவி காந்தம். காந்தம் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் எவர்சில்வர் என்னும் பழக்கம் எங்கும் வேரூன்றியிருக்கிறது. அது எங்கே மெய், எங்கே பிழை என்பதற்கு விடை அணுக்களின் அடுக்கில் இருக்கிறது. சாதாரண வெப்பநிலையில் இரும்பு அணுக்கள் ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் நடுவிலுமாக அமர்கின்றன. ஃபெரைட் எனப்படும் இந்த அடுக்கு காந்தத்தால் வலுவாக ஈர்க்கப்படும். போதிய நிக்கல் சேர்ந்தால், உயர்ந்த வெப்பத்தில் மட்டும் நிலைக்கும் வேறோர் அடுக்கு, அதாவது மூலைகளோடு கனசதுரத்தின் ஆறு முகங்களின் நடுவிலும் அணுக்கள் அமரும் ஆஸ்டெனைட் அடுக்கு, குளிர்ந்த பின்னும் கலையாமல் நிற்கிறது. இது காந்தத்தைப் பொருட்படுத்துவதில்லை. நிக்கல் தனியாக இருக்கும்போது காந்தத்தில் ஒட்டும் உலோகம் என்பதால், காந்தம் நிக்கலைத் தேடும் கருவி அன்று, அடுக்கைத் தேடும் கருவி மட்டுமே என்பது விளங்கும். மாங்கனீசும் நைட்ரஜனும்கூட ஆஸ்டெனைட்டைக் காப்பவை ஆதலால், ஒரு விழுக்காடு நிக்கல் உள்ள ஜே4 தகடும் காந்தத்தில் ஒட்டாமல் 304 போலவே நடந்துகொள்கிறது.

எதிர்த்திசைப் பிழை விற்பவரை நேராகப் பாதிக்கிறது. 304 தகட்டைக் குளிர்நிலையிலேயே அழுத்தி, இழுத்து, வளைத்து உருவாக்கும்போது ஆஸ்டெனைட்டின் ஒரு பகுதி மார்ட்டென்சைட் என்னும் வேறு அடுக்காக மாறிவிடும். இது காந்தத்தில் ஒட்டும். அதனால் ஆழமாக இழுத்துச் செய்த டம்ளரின் சுவரும், தொட்டியின் மூலைகளும், உருட்டிய போல்ட்டின் மரைகளும் மெல்லிய ஈர்ப்பைக் காட்டலாம். வார்ப்பில் செய்த பம்பு, வால்வு உடல்களில் வெடிப்பு விழாதிருக்க வேண்டுமென்றே சிறிதளவு ஃபெரைட் விடப்படுவதால், 304க்கோ 316க்கோ நிகரான கலவையாக இருந்தும் அவை காந்தத்தை ஓரளவு இழுக்கும். இவற்றை இரும்பென்றோ 430 என்றோ எடைபோடுவது விற்பவருக்குப் பெரும் நட்டம். ஈர்ப்பின் வலிமையை ஒப்பிட எல்லோர் கையிலும் ஒரு நல்ல மாதிரி உண்டு: இந்தியாவில் புழங்கும் 1 ரூபாய், 2 ரூபாய் நாணயங்கள் 83 விழுக்காடு இரும்பும் 17 விழுக்காடு குரோமியமும் கொண்ட, 430க்கு இணையான ஃபெரைட் எஃகால் ஆனவை. நாணயத்தைப் பற்றுவதுபோல் காந்தம் பாத்திரத்தையும் இறுகப் பற்றினால் அது நிக்கலற்ற ரகமாக இருக்கலாம்; மூலையில் மட்டும் தயங்கி ஒட்டி, தட்டையான நடுப்பகுதியில் நழுவினால் அதை இரும்போடு சேர்க்க விடக்கூடாது.

பளபளக்கும் பொருள் எல்லாம் எவர்சில்வரும் அன்று. குரோமியமோ நிக்கலோ மேலே பூசிய சாதாரண இரும்பைக் கண்டறிய, உழவர்களுக்கு அறிமுகமான மயில்துத்தம் போதும். மறைவான ஓரிடத்தை அரத்தால் பூச்சு நீங்கும்வரை தேய்த்து, நீரில் கரைத்த மயில்துத்தத்தின் ஒரு சொட்டை வைத்தால், இரும்பின் மேல் சில நொடிகளில் செம்பு படிந்து இடம் சிவக்கும். 304 போன்ற ரகங்கள் தம் படலத்தால் காக்கப்பட்டு நிறம் மாறாது நிற்கும். கிரைண்டரில் பிடித்துப் பொறியைப் பார்க்கும் முறையும் பட்டறைகளில் உண்டு. சாதாரண எஃகின் பொறிகள் நீண்டு பறந்து பூப்பூவாக வெடிக்க, நிக்கல் எஃகின் பொறிகள் குட்டையாகவும் செம்மஞ்சளாகவும் அடங்கிவிடும். இருப்பினும் 304ஐயும் இருநூறு வரிசையையும் இம்முறையால் உறுதியாகப் பிரிக்க முடியாது. அந்தப் பிரிவுக்கென்று மாங்கனீசைக் காட்டும் சொட்டு மருந்துகள் விற்கப்படுகின்றன. சிறு மின்கலத்தின் துணையோடு மேற்பரப்பைச் சிறிது கரைத்து, மாங்கனீசு மிகுந்திருந்தால் சிவந்து காட்டுபவை அவை. 1905இல் உருசிய வேதியியலர் லெவ் சுகாயெவ் கண்டறிந்த டைமெத்தில்கிளையாக்சைம் நிக்கலோடு சேர்ந்து இளஞ்சிவப்பாகும். ஆனால் அது நிக்கல் இருக்கிறது என்று சொல்லுமே தவிர எட்டு விழுக்காடா நான்கா என்று சொல்லாது. ஆகையால் பழைய எவர்சில்வரைப் பிரிப்பதில் நிக்கல் சோதனையைவிட மாங்கனீசுச் சோதனையே கூடுதல் பயனுடையது.

பெரிய கிடங்குகளில் கைத்துப்பாக்கி வடிவில் உள்ள எக்ஸ்கதிர் ஒளிர்வுக் கருவி இந்த வேலையைச் சில நொடிகளில் முடிக்கிறது. கருவி செலுத்தும் எக்ஸ்கதிர் அணுவின் உட்சுற்றிலுள்ள எலக்ட்ரானை வெளியேற்ற, வெளிச்சுற்றிலிருந்து ஒன்று அந்த இடத்துக்கு இறங்கி, அந்தத் தனிமத்துக்கே உரிய ஆற்றலில் வேறோர் எக்ஸ்கதிரை உமிழ்கிறது, குரோமியத்துக்கு 5.4, மாங்கனீசுக்கு 5.9, இரும்புக்கு 6.4, நிக்கலுக்கு 7.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்று இந்த ஆற்றல்கள் தெளிவாகப் பிரிந்து நிற்பதால், எது எத்தனை விழுக்காடு என்று கருவியால் எண்ணிவிட முடிகிறது. தனிமங்களின் இந்த ஒழுங்கை 1913இல் ஹென்றி மோஸ்லி வெளிப்படுத்தினார். கருவி பார்ப்பது மேற்பரப்பின் சில பத்து மைக்ரோமீட்டர் ஆழத்தை மட்டுமே; ஆதலால் பூச்சு, சாயம், மண், எண்ணெய் ஆகியவை முடிவைத் திரிக்கும், தேய்த்துச் சுத்தமாக்கிய இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் எண்ணை நம்பலாம். பல லட்ச ரூபாய் விலையுள்ள இக்கருவி தெருமுனைக் கடைகளில் இருப்பதில்லை. சோதனை நடக்கும் இடத்தில்தான் நிக்கலின் விலை தங்குகிறது. அதற்கு முன் கைமாறிய ஒவ்வோர் இடத்திலும், தெருத்தெருவாகச் சுற்றிச் சேகரிப்பவரிடமும் வீட்டுப் பெண்களிடமும், அது வெறும் எடையாகவே கணக்கிடப்பட்டிருக்கும். உழைப்பு மிகுந்த முனையில் அறிவுக் கருவி இல்லாமற்போனது இந்த வணிகத்தின் ஆழ்ந்த அநீதி என்றே கொள்ள வேண்டும்.

வாங்குபவர் தரம் பார்த்துக் கறாராக இருப்பதற்கு உலைக்களத்தில் காரணம் இருக்கிறது. உருகிய எஃகில் ஆக்சிஜனைச் செலுத்திக் கரியை நீக்கும்போது மாங்கனீசும் குரோமியமும் ஓரளவு எரிந்து கசடாகும். நிக்கலும் மாலிப்டினமும் செம்பும் எரியாமல் உருக்கிலேயே தங்கிவிடும். நிக்கல் தங்குவது வரவு. வேண்டாத செம்பு தங்குவது, பின்னர் எம்முறையாலும் எளிதில் களைய முடியாத மாசு. உலகக் கழிவு வணிகத்தில் 'சபாட்' என்னும் குறிப்பெயரால் வழங்கும் 18/8 சரக்குக்கு, நிக்கல் குறைந்தது 7 விழுக்காடு, குரோமியம் குறைந்தது 16 விழுக்காடு, செம்பு 0.5 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது என்பது வரையறை. ஜே4இல் மாங்கனீசோடு செம்பும் இந்த வரம்பைத் தாண்டிச் சேர்க்கப்படுவதால், பத்து கிலோ 304இல் இரண்டு கிலோ ஜே4 கலந்திருந்தால், அந்த இரண்டு கிலோவின் விலை குறைவதோடு நில்லாமல் குவியல் முழுவதன் தகுதியும் கேள்விக்குள்ளாகிறது. விற்பனையில் தரம் தெரியாதபோது விலை எப்படித் தாழ்கிறது என்பதை அமெரிக்கப் பொருளியலர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970இல் பழைய கார்களை வைத்து விளக்கினார். கலந்து கட்டிய எவர்சில்வர் மூட்டைக்குக் கடைக்காரர் தாழ்ந்த ரகத்தின் விலையைச் சொல்வதும் அதே விதிப்படிதான். சரக்கை விற்பவரே பிரித்து, ரகம் ரகமாகத் தனித்தனியே வைத்து, ஒவ்வொன்றுக்கும் விலை கேட்பது கடைக்காரரின் ஐயத்துக்கான கழிவை விலையிலிருந்து நீக்குகிறது. எந்தக் கருவியும் தேவைப்படாத வழி இது.

கழிவு என்னும் சொல்லுக்குக் கடையில் வேறு இடங்களும் உண்டு. குக்கர்க் கைப்பிடியின் பேக்லைட், மூடியின் இரப்பர் வளையம், கைப்பிடியைப் பிணைத்த இரும்புத் திருகு, அடியில் பதித்த செம்புத் தகடு அல்லது அலுமினியத் தட்டு, சிங்க்கின் அடியில் ஒட்டிய ஒலி அடக்கும் பட்டை ஆகிய ஒவ்வொன்றும் கழிவுக்குக் காரணமாகும். கழற்றக்கூடியதைக் கழற்றிவிட்டால் கழிவு குறைவதோடு, செம்பும் அலுமினியமும் தம் சொந்த விலைக்குப் போகும். கடைசல் பட்டறைகளில் விழும் சுருள், அதாவது டர்னிங், அதே ரகத்தின் கெட்டித் துண்டைவிடக் குறைந்த விலைக்கே போவது இயல்பு. பரப்பு மிகுதியால் உலையில் அது கூடுதலாக எரிந்துபோகிறது, வெட்டும் எண்ணெயும் அதில் ஒட்டியிருக்கிறது. ஆனால் இரும்புச் சுருளோடு கலந்துவிட்ட 304 சுருளுக்கு ஏற்படும் வீழ்ச்சி இயல்பானதன்று. ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்குமுன் தட்டைக் கூட்டி வேறு பீப்பாயில் கொட்டினால் தவிர்க்கக்கூடியது அது. பட்டறைகளுக்கு மற்றொரு வசதியும் உண்டு. தகடோ குழாயோ வாங்கும்போது ஆலை தரும் சோதனைச் சான்றிதழில் அந்த உருக்கின் வார்ப்பு எண்ணும் ஒவ்வொரு தனிமத்தின் விழுக்காடும் அச்சாகியிருக்கும். அந்தத் தாளின் படியைத் துண்டுகளோடு சேர்த்து வைத்திருப்பவர், ரகத்தை நிறுவுவதற்கான ஆவணத்தைக் கையிலேயே கொண்டிருக்கிறார்.

எடையைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009இன்படி வணிகத்தில் பயன்படும் தராசுகள் குறித்த காலத்துக்கொரு முறை சரிபார்க்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை நடத்துகிறது, முறையீடும் அங்கேயே செய்யலாம். முத்திரைக்கு அப்பால், 300 கிலோ வரை நிறுக்கும் மேடைத் தராசு பெரும்பாலும் 100 கிராம் படிகளில் காட்டுவது, அதன் நம்பத்தக்க கீழெல்லை 2 கிலோ. அத்தகைய தராசில் இரண்டு டம்ளரையும் ஒரு கரண்டியையும் தனித்தனியே வைத்தால், ஒவ்வொரு முறையும் படிக்குக் கீழான எடை மறைந்துபோகும். ஒரே ரகத்தை ஒருசேரக் கட்டி ஒரே முறையில் நிறுப்பது நல்லது. தராசில் ஐயம் வந்தால் 20 லிட்டர் தண்ணீர்க் கேனைக் காலியாகவும் நிறைத்தும் வைத்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 20 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். லாரியில் ஏற்றி எடை மேடையில் நிறுக்கும்போது வண்டியின் வெற்று எடை அன்றைக்கே, அதே மேடையில் எடுக்கப்பட்டதா என்பதைச் சீட்டில் பார்த்துக்கொள்வது போதும்.

சிறு பட்டறைகள் வரி பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். சரக்கு சேவை வரியில் பதிவு பெறாத தொழிலகம் பதிவு பெற்ற வணிகருக்கு விற்கும் உலோகக் கழிவின் மீதான வரியைச் செலுத்தும் பொறுப்பு, 2024 அக்டோபர் 10 முதல் வாங்குபவரைச் சேர்ந்தது. வரி என்ற பெயரில் விற்பவரின் தொகையிலிருந்து கழிக்கப்படுவது அந்த ஏற்பாட்டுக்கு ஒத்ததன்று.

விற்பனைக்கு உள்ளது சில நூறு கிலோவாக இருந்து, ரகம் குறித்து இருதரப்பும் ஒத்துப்போகாதபோது, சரக்கிலிருந்து நான்கைந்து மாதிரித் துண்டுகளை வெட்டி உலோகச் சோதனைக் கூடத்தில் கொடுத்து எழுத்துப்பூர்வ அறிக்கை பெறுவது செலவுக்குத் தகுந்த செயல். வார்ப்பாலைகள் நிறைந்த கோயம்புத்தூரிலும் சென்னையின் அம்பத்தூர் போன்ற தொழிற்பேட்டைகளிலும் ஸ்பெக்ட்ரோ எனப்படும் இச்சோதனை அன்றாட வேலை. மாதிரிகள் அனைத்துக்கும் ஆகும் மொத்தக் கட்டணத்தை, 304க்கும் ஜே4க்கும் இடையில் அன்றைக்குள்ள கிலோ விலை வேறுபாட்டால் வகுத்தால், எத்தனை கிலோவுக்கு மேல் சோதனை இலாபம் என்பது தெரிந்துவிடும். அந்த அளவை எட்டாத சரக்குள்ள பட்டறைகள், சான்றிதழின் படியோடு துண்டுகளை ரகவாரியாகச் சேர்த்து வைத்து, அக்கம்பக்கத்துப் பட்டறைகளோடு ஒன்றாக, எக்ஸ்கதிர்க் கருவியுள்ள கிடங்குக்கே நேராக அனுப்பலாம். அங்கே தேய்த்த இடத்தில் கருவியை வைத்து, திரையில் தெரியும் நிக்கல் விழுக்காட்டை விற்பவர் முன்னிலையிலேயே சீட்டில் எழுதச் சொல்லிவிட்டு, அதன் பிறகு தராசில் ஏற்றுவதே முறை.